ஸ்லீவ் முடிந்து எட்டு மாதம்: திரும்பி வந்த பசி

செம்பூர்க்காரி | 2 ஜூன் 2025

எடை குறைக்க இரைப்பைய வெட்டிச் சின்னதாக்கற ஸ்லீவ் ஆபரேஷன் ஆகி எட்டு மாசம். முதல் ஆறு மாசம் பசியே இல்ல, கடிகாரத்தப் பாத்துதான் சாப்பாடு. இப்ப காலைல 8 மணிக்கு ரெண்டு இட்லி, சட்னி, 10.30-க்கே வயிறு கேக்குது. மதியம் ஒரு கிண்ணம் ரசம் சாதம். மூணு மணிக்கு மறுபடியும். எடையும் மூணு வாரமா அப்படியே நிக்குது. மிச்சம் வெச்ச இரைப்பைப் பை விரிஞ்சிடுச்சா?

தட்டுக்கணக்கு | 3 ஜூன் 2025

பையைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் தட்டைப் பாருங்கள். நீங்கள் எழுதியிருப்பதிலேயே பாதிப் பதில் இருக்கிறது.

ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிடுகிறார்கள். மேல்பக்கம் உப்பலாக இருக்கும் ஃபண்டஸ் அதோடு போய்விடும். சாப்பாடு விழ விழ விரிந்துகொடுக்கிற பகுதி அதுதான். கிரெலின் என்ற பசி ஹார்மோன் அதிகமாகச் சுரப்பதும் அங்கேதான். அதனால்தான் முதல் சில மாதங்கள் பசி தெரியவில்லை. மிச்சமிருக்கும் குழாய் முதலில் 100 முதல் 150 மி.லி. கொள்ளும். உள்வீக்கம் வடிந்து தையல் ஆறிய பிறகு கொள்ளளவு கொஞ்சம் கூடத்தான் செய்யும். ஒரு வருடத்தில் ஒரு கிண்ணம் சாப்பாடு இறங்குவது எல்லாருக்கும் நடப்பது, அதைப் பை கெட்டுப்போனதாக நினைக்க வேண்டாம்.

பசி திரும்புவதற்கு வேறு காரணம் உண்டு. கிரெலின் கொஞ்சம் சிறுகுடலிலும் சுரக்கிறது. கொழுப்பு கரையக் கரைய, கொழுப்பில் சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோன் இறங்குகிறது. அது இறங்கினால் மூளை அதைப் பஞ்சம் என்று எடுத்துக்கொண்டு பசியைக் கூட்டுகிறது. உடம்பு தன் வேலையைச் செய்கிறது, உங்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை. பசி இல்லாத அந்த ஆறு மாதம், சாப்பிடும் முறையைப் பழகிக்கொள்ளக் கிடைத்த அவகாசம். எடையைப் பார்க்கிற அவசரத்தில் இதை நோயாளிக்கு யாரும் அழுத்திச் சொல்வதில்லை, எனக்கு அதில் ரொம்ப வருத்தம்.

இப்போது கணக்கு. ஒரு இட்லியில் புரதம் 2 கிராம் சுமார். ரெண்டு இட்லி, சட்னி எல்லாம் சேர்ந்து 5 கிராம். மதியம் ரசம் சாதத்தில் 4 கிராம் தேறினால் அதிகம். உங்களுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 60 முதல் 80 கிராம். மதியம் வரைக்கும் 9 கிராம் போய்ச் சேர்ந்திருக்கிறது. வயிறு கேட்காமல் என்ன செய்யும்?

தட்டுக்கணக்கு | 3 ஜூன் 2025 (அதே இரவு)

ரசம் சாதத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் இதுதான் பெரிய பள்ளம். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காதே, சாப்பிட்டு அரை மணி கழித்துக் குடி என்று டிஸ்சார்ஜ் தாளில் இருக்கும். எல்லாரும் டம்ளரை நகர்த்தி வைத்துவிட்டு, ரசத்தைச் சாதத்தில் ஊற்றிக் கரைத்துச் சாப்பிடுவார்கள். ரசமும் தண்ணீர்தானே. கரைந்த சாதம் குழாயில் நிற்காமல் சிறுகுடலுக்கு இறங்கிவிடும். வயிறு நிறைந்த உணர்ச்சி இருபது நிமிடம்கூட நிற்காது. நீர்மோர் சாதம், தளரப் பிசைந்த தயிர் சாதம், கஞ்சி எல்லாம் இதே கதைதான். ஆபரேஷன் ஆன முதல் மாதத்தில் இவை மருந்து மாதிரி. எட்டாம் மாதத்தில் இவைதான் பசியை இழுத்து வருகின்றன.

கெட்டிப் பருப்பு, கூட்டு, மீன், முட்டை, பனீர் முதலில். பொரியல் இரண்டாவது. இடம் இருந்தால் கடைசியில் இரண்டு ஸ்பூன் சாதம். ரசம் வேண்டுமா, நாலு மணிக்குத் தனியாக ஒரு டம்ளர் சூடாகக் குடியுங்கள்.

டோம்பிவிலி கணேஷ் | 5 ஜூன் 2025

ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ கொஞ்சம் கொஞ்சமா எட்டு வேளை சாப்பிடச் சொல்றாங்களே? அப்ப பசி வராதுல்ல?

தட்டுக்கணக்கு | 5 ஜூன் 2025

முதல் ஒன்றிரண்டு மாதத்துக்கு அது சரி. ஒரு வேளைக்கு நாலு ஸ்பூன்தான் இறங்கும்போது வேளைகளைக் கூட்டாமல் புரதம் சேராது. அதற்குப் பிறகும் எட்டு வேளை என்றால் அது நாள் பூராவும் கொறிப்பதுதான். ஃபர்சான், முறுக்கு, பிஸ்கட், ஐஸ்கிரீம் எல்லாம் வாயிலேயே கரைந்து வழுக்கி இறங்குகிறவை. குழாயில் தங்காது, நிறைந்த உணர்வும் தராது, கலோரி மட்டும் சேரும். எடை திரும்ப ஏறுவதில் பெரும்பங்கு இந்த வழியில்தான்.

மூன்று வேளை, தேவைப்பட்டால் நடுவே ஒன்றோ இரண்டோ சிற்றுண்டி. ஒவ்வொரு வேளையும் 20 முதல் 25 நிமிடம். அரை மணி தாண்டினால் தட்டை எடுத்துவிடுங்கள். அதற்கு மேல் நீட்டினால் முதலில் விழுந்தது இறங்கி இடம் விட, அளவு தெரியாமல் கூடுதலாகப் போகும்.

நைட்_டியூட்டி | 6 ஜூன் 2025

பசின்னு சொல்ற எல்லாம் பசி இல்ல. வார்டுல நாங்க முதல்ல கேக்கறது: எங்க, எப்ப, எப்படி?

நெஞ்செலும்புக்குக் கீழ குடையற மாதிரி, எரியற மாதிரி இருக்கா? அது அமிலம். ஸ்லீவ்ல இது அதிகம். பான்டொப்ரஸோல் மாதிரி அமிலம் குறைக்கற மாத்திரைய திடீர்னு நிறுத்தினா, அடக்கி வெச்ச அமிலம் கொஞ்ச நாளைக்கு மடங்கு மடங்காச் சுரக்கும். அது அப்படியே பசி மாதிரிதான் தெரியும். சாப்பிட்டா ரெண்டு நிமிஷம் அடங்கும், அதனால ஏமாந்துடுவாங்க. டாக்டரக் கேட்டுப் படிப்படியாக் குறைக்கணும். ராத்திரி சாப்பிட்டு மூணு மணி நேரத்துக்குள்ள படுக்காதீங்க.

வாய் வறண்டு, சிறுநீர் அடர் மஞ்சளா இருந்தா அது தாகம். முதல்ல நூறு மில்லி தண்ணி, ஒரே மடக்கா இல்ல, வாய் வாயா. பதினஞ்சு நிமிஷம் பொறுங்க. லோக்கல் ட்ரெயின்ல டாய்லெட் இல்லன்னு காலைலேர்ந்து தண்ணி குடிக்காம வர்றவங்களுக்கு பதினோரு மணிக்கு வர்ற "பசி" பாதிக்கு மேல இதுதான். ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர், நாள் பூரா பிரிச்சு.

வேர்வை, கை நடுக்கம், படபடப்பு, கண் இருட்டல், அதுவும் சாப்பிட்டு ஒண்ணுலேர்ந்து மூணு மணி நேரத்துல வந்தா உடனே குளுக்கோமீட்டர்ல பாருங்க. 70-க்குக் கீழ இருந்தா அது சர்க்கரை சரிவு. இனிப்போ மாவோ வேகமா குடலுக்குப் போய் சர்க்கரை ஒரேயடியா ஏறி, இன்சுலின் அளவுக்கு மேல சுரந்து, இறக்கி விட்டுடும். பைபாஸ்ல (இரைப்பைய சின்னப் பையாக்கி நேரா சிறுகுடலோட இணைக்கற ஆபரேஷன்) அதிகம், ஸ்லீவ்லயும் வரும். அந்த நேரத்துக்கு மூணு டீஸ்பூன் சர்க்கரை தண்ணில கலந்து குடிக்கணும், கால் மணி கழிச்சு மறுபடி பாக்கணும், ஏறினதும் முட்டையோ பனீரோ சாப்பிடணும். வெறும் சர்க்கரையோட விட்டா அடுத்த சரிவு ஆரம்பிக்கும். சர்க்கரை நோய்க்கான கிளிமிபிரைட் மாத்திரையோ இன்சுலினோ பழைய அளவுலயே ஓடிட்டு இருந்தா அன்னிக்கே டாக்டருக்கு ஃபோன்.

தட்டுக்கணக்கு | 6 ஜூன் 2025

நைட்_டியூட்டி சொன்னதோடு இன்னொன்று. மெதுவாக ஏறி, வேகவைத்த முட்டையோ வெறும் சுண்டலோ கொடுத்தாலும் சரி என்று தோன்றினால் அது வயிற்றுப் பசி. சட்டென்று வந்து, வடாபாவ் மட்டும்தான் வேண்டும், இல்லை மிக்சர்தான் வேண்டும் என்று கேட்டால் அது மனசு கேட்பது. இரண்டாவதைக் கேவலமாக நினைக்க வேண்டாம். வருடக் கணக்காக நாலு மணிக்குக் கட்டிங் சாயும் (அரை கிளாஸ் டீ) ஃபர்சானும் கொடுத்த உடம்பு நாலு மணிக்குக் கேட்கும். அந்த நேரத்துக்கு 50 கிராம் கொண்டைக்கடலைச் சுண்டல் டப்பாவில் தயாராக இருந்தால் பெரும்பாலும் சண்டையே வராது.

சயான் வாசகி | 14 ஜூன் 2025

வீட்டுக்காரருக்கு பைபாஸ் ஆகி ஆறு வாரம். நேத்து ஆபீஸ்ல பாவ் பாஜி, ரெண்டு வாய்தான். நெஞ்சுல அடைச்சு, வாய் நிறைய நுரை நுரையா எச்சில். இப்ப பரவாயில்ல. பாவ் மெத்துன்னுதானே இருக்கு?

தட்டுக்கணக்கு | 14 ஜூன் 2025

மெத்தென்று இருப்பதுதான் தொல்லை. ஒரு துண்டு பாவைக் கிள்ளி இரண்டு விரலுக்கு நடுவே அழுத்தி உருட்டிப் பாருங்கள். உள்ளிருக்கும் காற்று வெளியே போய், ரப்பர் மாதிரி ஒரு சின்ன உருண்டையாகிவிடும். நாக்கும் எச்சிலும் வாய்க்குள் அதையேதான் செய்கின்றன. இட்லியை உருட்டினால் உதிரும், அதனால் இட்லி பெரும்பாலும் சிக்காது. சூடு ஆறிய மென்மையான சப்பாத்தி, குழைந்த பச்சரிசிச் சாதம், ஜவ்வரிசி கிச்சடி எல்லாம் பாவ் ஜாதி. காய்ந்த கோழி நெஞ்சுக்கறி வேறு மாதிரி சிக்கும், நாராக. அதைக் குழம்பில் ஈரமாகவே வைத்துப் பொடியாகப் பிய்த்துப் போட வேண்டும்.

பைபாஸில் பை சுமார் 30 மி.லி., அதிலிருந்து குடலுக்குப் போகும் வாய் ஒன்றரை சென்டிமீட்டர் அளவுக்குத்தான் இருக்கும். ஆறாவது வாரத்தில் அவர் இருக்க வேண்டியது குழைவான உணவில். வேகவைத்து மசித்த பருப்பு, கலக்கிய முட்டை, மீன், வடிகட்டிய தயிர். சின்ன ஸ்பூன், வாய்க்கு இருபது முப்பது தடவை மெல்லல், ஒரு வாய் இறங்கின பிறகு அடுத்தது.

நைட்_டியூட்டி | 14 ஜூன் 2025

அடைச்சதும் தண்ணி ஊத்தித் தள்ளாதீங்க, வலி கூடும், வாந்தி வரும். சாப்பாட்ட நிறுத்துங்க, எழுந்து நடங்க, நுரைய துப்பிடுங்க. அன்னிக்கு மிச்ச நேரம் நீராகாரம் மட்டும், மறுநாள் மசித்த உணவு.

ஆனா இது தினமும் நடந்தா, இல்ல நேத்து இறங்கினது இன்னிக்கு இறங்கலன்னா, நாளுக்கு நாள் குழைவானதுகூட நிக்கலன்னா, இணைப்பு வாய் சுருங்கியிருக்கலாம். முதல் மூணு மாசத்துல வரக்கூடியது. எண்டோஸ்கோப்ல பலூன் விட்டு விரிப்பாங்க. தண்ணியே இறங்கலன்னா அன்னிக்கே ஆஸ்பத்திரி. காய்ச்சல், நாடி 120-க்கு மேல, இடது தோள்பட்டைல வலி, மூச்சு வாங்கறது, இதுல எது வந்தாலும் ராத்திரின்னு பாக்காம எமர்ஜென்சிக்குப் போங்க.

ரெண்டு மூணு நாளைக்கு மேல தொடர் வாந்தின்னா, ஆபரேஷன் ஆனவங்கன்னு சொல்லி தயமின் (வைட்டமின் பி1) கேளுங்க. பக்கத்து நர்சிங் ஹோம்ல மயக்கம்னு சொன்னதும் குளுக்கோஸ் டிரிப் ஏத்துவாங்க. தயமின் இல்லாத உடம்புல குளுக்கோஸ் மட்டும் போனா மிச்சமிருக்கற தயமினும் தீர்ந்து மூளையையே பாதிக்கும். முதல்ல தயமின் ஊசி, அப்புறம்தான் குளுக்கோஸ். கண் ரெட்டையாத் தெரியறது, தள்ளாட்டம், குழப்பம் இருந்தா ஒரு மணி நேரம்கூட தள்ளிப்போடாதீங்க.

சயான் வாசகி | 15 ஜூன் 2025

சர்ஜனுக்கு ஃபோன் பண்ணிட்டோம். திங்கள்கிழமை வரச் சொல்லியிருக்கார்.

மாத்திரை டப்பா | 28 ஜூன் 2025

கெமிஸ்ட் கவுன்ட்டர் பக்கத்திலிருந்து சில விஷயம். மழை ஆரம்பித்துவிட்டது, காய்ச்சலும் உடம்புவலியும் வரும் காலம். பைபாஸ் ஆனவர்கள் ஐபுப்ரூஃபென், டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக் எதையும் தொடக் கூடாது. இணைப்பு வாயில் புண் வந்து ரத்தம் கசியும், ஓட்டையே விழலாம். ஸ்லீவ் ஆனவர்களும் தவிர்ப்பது நல்லது. பாரசிட்டமால் மட்டும். பெயரைப் பார்த்து வாங்காதீர்கள், அட்டையின் பின்பக்கம் படியுங்கள். அசிக்ளோஃபினாக்கும் பாரசிட்டமாலும் ஒரே மாத்திரையில் வருகிறது, "உடம்புவலிக்கு" என்று கேட்டால் அதைத்தான் எடுத்து நீட்டுவார்கள். புகையிலையும் அதே புண்ணைக் கொண்டுவரும்.

கால்சியம்: நாளைக்கு 1200 முதல் 1500 மி.கி., ஒரு தடவைக்கு 500 அல்லது 600-க்கு மேல் உறிஞ்சாது, அதனால் பிரித்துப் போட வேண்டும். கடையில் எளிதாகக் கிடைப்பது கார்பனேட். அது கரைய அமிலம் வேண்டும். அமிலம் குறைந்த வயிற்றுக்கு சிட்ரேட்தான் சரி, கேட்டு வாங்குங்கள். இரும்புச் சத்தையும் கால்சியத்தையும் சேர்த்துப் போட்டால் இரும்பு வீண், இரண்டு மணி நேரம் இடைவெளி. இரும்போடு காபி, டீ கூடவே கூடாது.

பி12 வாய்வழி என்றால் நாளைக்கு 350 முதல் 1000 மைக்ரோகிராம், ஊசி என்றால் மாதம் 1000. சைவக்காரர்களுக்கு ஆபரேஷனுக்கு முன்பே குறைவாக இருக்க வாய்ப்பு அதிகம். கை கால் மரத்துப்போகும் வரை காத்திருக்க வேண்டாம். மூன்றாம் மாதத்திலிருந்து முடி கொட்டுவதற்கு பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரையை வாங்கிக் குவிக்கிறார்கள். வேகமாக எடை இறங்கியதால் கொட்டுகிற முடி தானாகவே நிற்கும். நிற்கவில்லை என்றால் ஃபெரிட்டினும் (உடம்பின் இரும்புச் சேமிப்பு) புரதமும் பாருங்கள்.

சக்கரை நோய்க்கு மெல்லக் கரையும் வகை மெட்ஃபார்மின் எடுத்துக்கொண்டிருந்த பைபாஸ்காரர்கள், அதைச் சாதாரண வகைக்கு மாற்ற வேண்டுமா என்று டாக்டரைக் கேளுங்கள்.

செம்பூர்க்காரி | 9 ஜூலை 2025

காலைல ஒரு இட்லி, ஒரு முழு முட்டை, ஒரு வெள்ளைக் கரு. ரசம் நாலு மணிக்குத் தனியா. 10.30 பசி போயி இப்ப 12.30-க்கு வருது. ஆனா சனிக்கிழமை வீட்ல சைவம், அன்னிக்கு மறுபடியும் பழைய கததான்.

தட்டுக்கணக்கு | 10 ஜூலை 2025

12.30 பசி நல்ல பசி. அதை விரட்ட வேண்டாம்.

சைவ நாளுக்கு: 40 கிராம் பாசிப்பருப்பை ஊறவைத்து அரைத்துப் பெசரட்டு, உள்ளே 30 கிராம் பனீர் துருவல். 14 கிராம் புரதம் வந்துவிடும், ரெண்டு இட்லியை விட அதிக நேரம் தாங்கும். மதியம் 30 கிராம் பருப்பில் கெட்டிக் கூட்டு 7 கிராம். அதிலேயே 20 கிராம் சோயா உருண்டை போட்டால் இன்னும் 10. சோயாவை வெந்நீரில் ஊறவைத்து நன்றாகப் பிழிந்து பொடியாக நறுக்குங்கள், முழுசாகப் போட்டால் ரப்பர் மாதிரி நிற்கும். 200 கிராம் தயிரைத் துணியில் இரண்டு மூன்று மணி நேரம் தொங்கவிட்டால் பாதியாகச் சுருங்கும், புரதம் 5, 6 கிராம் கையில் நிற்கும். இடத்தையும் அடைக்காது. இரவு 50 கிராம் பனீர் 9 கிராம். இதெல்லாம் சேர்ந்தும் குறைந்தால் வே பவுடர் (பால் புரதத் தூள்) ஒரு ஸ்கூப், 20 முதல் 25 கிராம். சாப்பாட்டுக்குப் பதிலாக வேண்டாம், நடுவே.

மீன் சாப்பிடுகிறவர்கள் பொம்பில் மீன் (பாம்பே டக்) மெத்தென்று இருக்கிறதே என்று அதையே நம்பாதீர்கள், அதில் தண்ணீர்தான் அதிகம். சுர்மாய் (வஞ்சிரம்), பாங்டா (கானாங்கெளுத்தி) 100 கிராமில் 20 கிராம் சுமார் கிடைக்கும்.

எடை மூன்று வாரம் நின்றதைக் கேட்டிருந்தீர்கள். இடுப்பளவு எடுத்துப் பாருங்கள். எட்டாம் மாதத்தில் வாராவாரம் இறங்காது, நிற்கும், பிறகு இறங்கும். தராசை வாரம் ஒரு தடவைக்கு மேல் ஏறாதீர்கள்.

டோம்பிவிலி கணேஷ் | 21 ஆகஸ்ட் 2025

புதன்கிழமை பிள்ளையார் சதுர்த்தி. பக்கத்து வீட்டு மோதகம், நம்ம வீட்டுக் கொழுக்கட்டை. அக்காவுக்கு பைபாஸ் ஆகி ஒரு வருஷம். ஒண்ணுகூடக் கூடாதா?

நைட்_டியூட்டி | 21 ஆகஸ்ட் 2025

வெறும் வயித்துல பிரசாதம்னு முதல்ல வாய்ல போடறதுதான் ஆபத்து. வெல்லமும் அரிசிமாவும் நேரா குடலுக்குள்ள போகும். பத்துலேர்ந்து முப்பது நிமிஷத்துல குடல் தண்ணிய இழுத்து, வயிறு முறுக்கி, படபடன்னு வேர்த்து, பேதி. அது முதல் அலை. ரெண்டு மணி நேரம் கழிச்சு சர்க்கரை சரிவு, அது ரெண்டாவது. சாப்பாடு முடிச்ச பிறகு, புரதம் உள்ள போன பிறகு, ஒரு சின்ன கொழுக்கட்டைல பாதி. பாயசம் வேண்டாம், திரவமா இருக்கறதால இன்னும் வேகமா இறங்கும். உளுந்துப் பூரணக் காரக் கொழுக்கட்டை வீட்ல செஞ்சா அதுவே அவங்களுக்கு நல்ல பிரசாதம். முதல் அலைல படபடப்பு வந்தா படுக்க வைங்க, தானா அடங்கும்; ரெண்டு மணி நேரம் கழிச்சு வந்தா முன்ன சொன்ன மாதிரி குளுக்கோமீட்டர்ல பாருங்க.

செம்பூர்க்காரி | 15 செப்டம்பர் 2025

புரட்டாசி பொறக்கப் போகுது. சனிக்கிழமை ஒருபொழுது இருக்கலாமா? மாமியார் ஜவ்வரிசி கிச்சடி பண்ணித் தரேங்கறாங்க.

தட்டுக்கணக்கு | 16 செப்டம்பர் 2025

முதல் ஒரு வருடம் எந்த உபவாசமும் வேண்டாம் என்பதுதான் நான் சொல்வது. உங்களுக்கு இன்னும் அது முடியவில்லை. ஒரு வேளையில் இறங்குவது ஒரு கிண்ணம், அதில் 60 கிராம் புரதத்தை அடக்க முடியாது. நாள் பூராவும் பட்டினி கிடந்த பிறகு அவசரமாகச் சாப்பிட்டால் அடைக்கும். மாத்திரைகளையும் அன்றைக்கு விட்டுவிடுவீர்கள்.

ஜவ்வரிசியில் கிட்டத்தட்ட மாவுச்சத்தைத் தவிர ஒன்றும் இல்லை. ஒட்டவும் செய்யும், சர்க்கரையையும் துள்ள வைக்கும். விரதத்துக்காகச் சாதத்தை விடுங்கள், வெங்காயம் பூண்டை விடுங்கள். மாமியாரிடம் காலையில் பால், பனீர், மதியம் வேர்க்கடலை போட்ட சுண்டலும் கெட்டித் தயிரும், இரவு பாசிப்பருப்புக் கூட்டும் கேளுங்கள். தண்ணீர் ஒன்றரை லிட்டர் அன்றைக்கும் உண்டு.

அடுத்த மாதம் ஒரு வருட ரத்தப் பரிசோதனை வரும். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், பி12, ஃபோலேட், வைட்டமின் டி, கால்சியம், பி.டி.எச். (பாராதைராய்டு ஹார்மோன்), அல்புமின், மூன்று மாதச் சராசரி சர்க்கரை. சீட்டில் பி.டி.எச். விட்டுப்போயிருந்தால் எழுதச் சொல்லுங்கள். ரத்தத்தில் கால்சியம் சரியாக இருக்கும், எலும்பிலிருந்து எடுத்துத்தான் உடம்பு அதைச் சரியாக வைத்திருக்கும், அதைக் காட்டிக்கொடுப்பது பி.டி.எச். தான்.

செம்பூர்க்காரி | 16 செப்டம்பர் 2025

சீட்டப் பாத்தேன், பி.டி.எச். இல்ல. எழுதிக் கேக்கறேன்.